பெட்டிமேல் இரண்டு என்றுதான் போட்டிருந்தது

என் குணா சாமிக்கு,

நீ போன இந்த இரண்டு வருஷத்தில் உன்னிடம் சொல்ல எத்தனையோ சேர்ந்து கிடக்கின்றன. மிளகு இந்த வருஷம் நன்றாகக் காய்த்தது. கடைக்கு எதிரே டவர் வைத்துவிட்டார்கள், இனி போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டியதில்லை. இதெல்லாம் பிறகு. போன ஞாயிற்றுக்கிழமை உன் பெட்டியைத் திறந்துவிட்டேன். அதை முதலில் சொல்கிறேன்.

எந்தப் பெட்டி என்று நீ கேட்க மாட்டாய். ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாதே. நம் வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறாயே அக்கா என்று கூச்சப்படாதே. அன்றைக்கு உன்னைத் திட்டியதும் நாலு பேருக்கு முன்னால்தான். அதனால் இதையும் அப்படியே எழுதுகிறேன்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். மிளகு பறிக்க வந்த சொந்தக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார்கள். நீ சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாய். கையில் ஓர் அட்டைப் பெட்டி. கைக்குழந்தையைப் பிடித்திருப்பதுபோல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாய்.

"என்ன கண்ணு அது, பால்பவுடரா?" என்றாள் அம்மா.

"ப்ராசசரும்மா. கம்ப்யூட்டருக்கு மூளை. இது உள்ள கோர், கோர்னு இருக்கும். அது ஒவ்வொண்ணும் தனித்தனியா வேலை செய்யும்." அம்மா விழிப்பதைப் பார்த்துவிட்டு, அரிந்து வைத்திருந்த பழத்தைத் தொட்டுக் காட்டினாய். "கோருன்னா சுளைன்னு வச்சுக்கயேன். இது ரெண்டு சுளைன்னு போட்டு விக்கறாங்க. ஆனா உள்ள நாலு இருக்கும்."

"நாலு இருந்தா நாலுன்னு போடாம எதுக்குடா ரெண்டுன்னு போடறான்?" என்று கேட்டார் மாமா.

"செய்யறப்ப எல்லாத்தையும் நாலாத்தான் செய்வாங்க மாமா. அதுல ஒண்ணு ரெண்டு சொத்தையா இருந்தா, அதை மூடிட்டு ரெண்டுன்னு சீட்டு ஒட்டிருவாங்க. சில சமயம் ரெண்டுக்குத்தான் கிராக்கி ஜாஸ்தி இருக்கும். அப்ப நல்லா இருக்கற நாலையும் மூடி ரெண்டுன்னே ஒட்டிருவாங்க. மதர்போர்டுல ஒரு எடத்துல மாத்தி வச்சா, மூடினது தொறந்துக்கும்."

"உன்னுது சொத்தையா நல்லதான்னு எப்படித் தெரியும்?"

"தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

"அட, பலாப்பழமேதான்!" என்று மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் உன் காலேஜ் பரீட்சை ரிசல்ட் வந்திருந்தது. மூன்றாம் கணக்குப் பேப்பரும் இன்னொன்றும் மறுபடி போயிருந்தன. நான் கணக்கு டீச்சர். மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாமக்கல்லிலிருந்து மலையேறி வந்து உனக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவள். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு தலை சுற்றி, வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் புத்தகத்தை விரித்தவள். அந்த வயிற்றெரிச்சல் எல்லாம் ஒன்றுசேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"உனக்கும் அதுக்கும் ஒண்ணுதான்டா. உள்ள நாலு இருக்குன்னு நெனச்சுக்கிட்டே இரு. வெளிய ரெண்டுதான் வரும்."

சொல்லி முடித்ததும் பழம் அரிந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. உன் கையிலிருந்த பெட்டியை வாங்கி, உள்ளே போய் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். "ரெண்டு பேப்பரையும் முடிச்சுட்டு வந்து வாங்கிக்க" என்றேன்.

நீ விரலில் ஒட்டிய பலாப்பால் போக எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாய். பால் போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாய். எனக்கு இப்போதும் உன் முகம் ஞாபகம் இல்லை, அந்த விரல்கள்தான் ஞாபகம் இருக்கின்றன. நான் உன் முகத்தைப் பார்க்கவேயில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை சாவியை என் கொத்தில் கோத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். அடுத்த பரீட்சை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நீ கேட்கவில்லை. பிறகு பரீட்சை எழுதுவதையே விட்டுவிட்டாய். செம்மேட்டில் கடை போட்டாய். மலையில் யார் வீட்டு கம்ப்யூட்டர் கெட்டாலும் நீதான் பார்த்தாய். மலரைக் கல்யாணம் செய்துகொண்டாய். என்னிடம் எப்போதும்போலச் சிரித்துப் பேசினாய். நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "எழுபது வளைவுல எத்தனாவதுல கணக்கு டீச்சருக்கு வாந்தி வந்துச்சு?" என்று கேட்காமல் இருந்ததில்லை. ஆனால் பெட்டியைப் பற்றி மட்டும் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஊருக்கு வந்து பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். புடவைகளுக்குப் பின்னால், மேல்மூடியில் ஒட்டிய சீல் பிரியாமல், அப்படியே இருக்கும். எடுத்துக் கொடுத்திருக்கலாம். இவ்வளவு நாள் கழித்துக் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது என்று மறுபடி மூடிவிடுவேன். நான் பெட்டியை மட்டும்தான் பூட்டினேனா, இல்லை உன் ஆசையையும் சேர்த்துப் பூட்டிவிட்டேனா? என்னால்தான் நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டாயா? இதைத்தான் இத்தனை வருஷமும் உன்னிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நீ கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றோடு, பதில் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

போன வாரம் மலர் போன் செய்தாள்.

"அண்ணி, கடையில பழைய சாமான் எடுக்க ஆள் வந்திருக்காருங்க. எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தர்றேன். ஒரு மதர்போர்டை மட்டும் என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

"ஏன், அது ஓடுதா?"

"ஓடுதா இல்லையான்னு தெரியலீங்க. அட்டைப் பொட்டில போட்டு, மேல 'அக்கா'ன்னு எழுதி வச்சிருக்காரு. எத்தன தடவை வித்தரலாம்னு கேட்டிருப்பேன். அது ஒரு பொட்டிக்கு ஜோடி, இருக்கட்டும்னு சொல்லிருவாருங்க. எந்தப் பொட்டீங்க அண்ணி?"

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அந்த போர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வை என்று மட்டும் சொன்னேன்.

வந்தேன். முப்பதாவது வளைவுக்குள்ளேயே தலை சுற்றிவிட்டது. எண்ணிச் சிரிக்கத்தான் நீ இல்லை.

மலர் கூடத்தில் பாயை விரித்து போர்டு, பவர் சப்ளை, பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். டி.வி.யைத்தான் திரையாக மாட்டியிருந்தாள். "பதினோரு மணிக்குக் கரண்ட் போயிருமுங்க, அதுக்குள்ள பாத்தரலாம்" என்றாள். உன் கடையை அவள்தான் நடத்துகிறாள், தெரியுமா? முதலில் ஜெராக்சும் சான்றிதழ் விண்ணப்பமும் மட்டும்தான் பார்த்தாள். இப்போது ஸ்க்ரூடிரைவரை உன்னைப் போலவே காதில் செருகிக்கொள்கிறாள்.

பீரோவைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கதவோரம் நின்றிருந்தாள். "இப்ப எதுக்கு அதைப் போய் எடுக்கற?" என்றாள். "அவன் பொருளும்மா, தூங்கிட்டுக் கெடக்குது" என்றேன். அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். உன் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

சீல் காகிதத்தை நகத்தால் கீறினேன். மேல்மூடியைத் தூக்கியதும் உள்ளே ஏதோ சலசலத்தது. பெட்டியைச் சாய்த்தேன். பாயில் ஒரு துணி முடிச்சு வந்து விழுந்தது. நைந்துபோன ஊதாத் துணி, சின்ன எலுமிச்சம்பழ அளவு. முடிச்சின் ஓரம் கிழிந்து, பொலபொலவென்று சாமை கொட்டியது.

சாமை!

எந்த நாட்டுக் கம்பெனி ப்ராசசரோடு சாமை வைத்து அனுப்புகிறது? நானும் மலரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்து மடிப்பு பிளேடால் நேராக அறுக்கப்பட்டு, கோந்து போட்டு ஒட்டப்பட்டிருந்தது. இத்தனை வருஷமாக நான் மேலிருந்த சீல் காகிதத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மலர் ப்ராசசருக்கு மேல் மாட்டுகிற சின்ன ஃபேனைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "அண்ணி, இது புதுசில்லைங்க. புதுசுல அடியில சூடு இழுக்கற பேஸ்டு சதுரமா, வெட்டி வச்சாப்பல இருக்கும். இதுல வழிச்சுட்டு மறுபடி தடவியிருக்குது. விரல் ரேகைகூடத் தெரியுது பாருங்க."

அந்தச் சாம்பல் நிறப் பசையில் உன் கட்டைவிரல் இருந்தது, குணா.

நான் ஊதாத் துணியைக் கையில் எடுத்தேன். அம்மாவின் பழைய சேலை. "அம்மா?" என்றேன்.

"என்ன அம்மா? ஈரத்துல பாழாப்போயிரும்னான். சாமை ஈரம் இழுக்கும்னு முடிச்சுக் கட்டிக் குடுத்தேன். வெதைக்கு வக்கறதில்லையா, அதுமாதிரி."

"பீரோச் சாவி எங்கிட்டயில்ல இருந்துச்சு?"

"பீரோ வாங்குனப்ப ரெண்டு சாவி குடுத்தான். ஒண்ணை நீ எடுத்துட்ட. இன்னொண்ணு சாமை டிரம்முல கெடந்துச்சு. அவன் கேட்டான், குடுத்தேன்."

"எப்பக் கேட்டான்?"

அம்மா கொஞ்சம் யோசிப்பதுபோல் பார்த்துவிட்டுச் சொன்னாள், "நீ பஸ் ஏறுன அன்னிக்குச் சாயங்காலம்."

மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகைதான் வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்து வருஷம்! நாமக்கல்லில் ஒவ்வொரு வீடு மாறும்போதும் அந்தச் சாவியைத் தொலைத்துவிடக்கூடாதே என்று பதறியிருக்கிறேன்.

"ஒரு வாரம் வச்சு நோண்டுனான். அப்புறம் பழையபடி ஒட்டி, இருந்த எடத்துலயே வச்சுட்டான். எடுத்துக்கடான்னேன். வேண்டாம்மா, பேப்பர் முடிக்காம எடுத்தா மோசம், அக்கா சொன்னது சொன்னபடி இருக்கட்டும்னான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

"நீ கேட்டியா?" என்றாள் அம்மா.

மலர் வேலையைத் தொடங்கினாள். ப்ராசசரைத் திருப்பியதும், அடியில் இருந்த பொன்னூசிகளுக்கு நடுவில் மூன்று சாமை மணிகள் சிக்கியிருப்பது தெரிந்தது. முடிச்சு கிழிந்தபோது உள்ளே போயிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஊசி, ஒன்று வளைந்தாலும் போச்சு. "ஊதிப் பாரு சாமி" என்றாள் அம்மா. "எச்சில் படுமுங்க அத்தை" என்று மலர் தடுத்தாள். என் புடவை ஊக்கைக் கழற்றிக் கொடுத்தேன். முதல் மணி வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவது ஊசிகளுக்கு நடுவில் இறுகிக் கிடந்தது. ஊக்கை வாங்கி நானே எடுத்தேன்.

ப்ராசசரின் மூலையில் குறியிட்டிருந்த சின்ன முக்கோணத்தைப் பார்த்துப் பொருத்தி போர்டில் வைத்தோம். தானாக உள்ளே இறங்கியது. ஃபேனை மாட்டினோம். உன் கட்டைவிரல் இருந்த பசையைத் துடைத்துவிட்டுப் புதுசு தடவ வேண்டும் என்றாள் மலர். கொஞ்சநேரம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளே துடைத்தாள். துடைத்த துணியைக் குப்பையில் போடாமல் மடித்துக் கடைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. டி.வி.யில் வெள்ளை எழுத்து ஓடியது. கோர் இரண்டு என்று காட்டியது.

"ரெண்டுதான் வருது" என்று என் வாயே சொன்னது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மலர் நீலத் திரைக்குள் போனாள். போர்டின் அமைப்பையெல்லாம் மாற்றும் இடம் அது. மூடிய கோர்களைத் திற என்ற வரியைத் தேடிப்பிடித்து மாற்றினாள். மறுபடி போட்டோம். எழுத்து ஓடியது. கோர் நான்கு!

நான் கத்தியே விட்டேன். அம்மா பதறிப்போய், "ஷாக் அடிச்சுருச்சா?" என்று ஓடிவந்தாள். "நாலு சுளைம்மா, நாலு!" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அன்றைக்கு வாசலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

விண்டோஸ் பாதி வந்தது. அப்படியே நின்றுவிட்டது.

அணைத்துப் போட்டோம். நின்றது. ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டோம். நின்றது. மூன்றாவது முறையும் அதே இடத்தில்தான். மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. "ஒண்ணு சொத்தையாட்டம் இருக்குது" என்றாள் அம்மா, பலாப்பழம் அரியும்போது சொல்கிற அதே குரலில்.

எதற்கென்று தெரியாமல், பெட்டிக்குள் இருந்த கையேட்டை எடுத்துப் புரட்டினேன். நமக்குத் தெரியாத ஏழெட்டு மொழிகளில் அச்சிட்ட மெல்லிய காகிதம். கடைசிப் பக்கத்தில், வெறும் இடத்தில், பென்சிலில் உன் கையெழுத்து. கணக்கு நோட்டில் நான் திட்டித் திட்டியும் மாறாத அதே கோணல் எழுத்து.

"4 சுளை - தொங்குது. 7 தடவை பாத்தாச்சு.
3 சுளை - ஓடுது!!! ஒரு நாள் பூரா நிக்கல.
நாலாவதை மட்டும் மூடிட்டு மத்ததை விடணும்.
அக்கா கேட்டா காட்டணும்."

அந்தக் கடைசி வரியை மலர் சத்தமாகப் படித்தாள். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

நீ எழுதியிருந்தபடியே மலர் நாலாவதை மட்டும் மூடினாள். விண்டோஸ் வந்தது. பாதியில் நிற்கவில்லை. முழுசாக வந்தது. பதினோரு மணிக்குக் கரண்ட் போகும்வரை, மூன்றும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, சாமி. நான் பூட்டியதால் நீ விட்டுவிடவில்லை. அன்று சாயங்காலமே திறந்து, ஏழு முறை தோற்று, எட்டாவதில் ஜெயித்து, மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

ஆனால் ஆறுதலோடு இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மூன்று ஆச்சரியக்குறியை நீ என்னிடம் காட்டவில்லையே. இரண்டும் இல்லை, நாலும் இல்லை, மூன்று என்று ஓடிவந்து சொல்ல உனக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! ஒவ்வொரு தடவை நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோதும், வாந்தியைப் பற்றிக் கேட்டுவிட்டு, இன்றைக்காவது கேட்பாளா என்று என் முகத்தைப் பார்த்தாயா? நீ கேட்பாய் என்று நான் காத்திருந்தேன். நான் கேட்பேன் என்று நீ காத்திருந்தாய். நடுவில் பெட்டி சாமையோடு பத்திரமாக இருந்தது. கேட்க வேண்டியவள் நான்தானே, குணா?

அந்தக் கம்ப்யூட்டரை மலர் கடையில் வைத்துக்கொண்டாள். "ரேஷன் கார்டு திருத்தத்துக்கு இது தாராளமுங்க" என்றாள். மேலே ஒட்டுவதற்கு ஒரு சீட்டும் எழுதினாள். 'மூன்று சுளை' என்று போட்டிருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அது என்னவென்று கேட்கிறார்களாம். அவள் சலிக்காமல் எல்லாருக்கும் உன் கதையைச் சொல்கிறாளாம். நாலாவதை யாரும் தொடப்போவதில்லை. அது மூடியே இருக்கட்டும்.

காலிப் பெட்டியை பீரோவில் வைத்திருக்கிறேன். அம்மா புதுத் துணியில் சாமை முடிந்து உள்ளே போட்டாள். எதற்கும்மா, காலிப் பெட்டிதானே என்றேன். "அவன் எழுதுன காயிதம் இருக்குதல்லோ" என்றாள். பீரோவைப் பூட்டவில்லை. என் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி டிரம்மில் மற்றதோடு போட்டுவிட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் வகுப்பில் யாராவது பெஞ்சுக்கு அடியில் எதையாவது வைத்துக்கொண்டு குனிந்திருந்தால், இதுவரை பிடுங்கி மேசையில் வைத்துப் பூட்டுவதுதான் என் வழக்கம். இனி முதலில் கேட்பேன். என்ன அது, காட்டு என்று கேட்பேன். அவர்கள் காட்டி முடிக்கும்வரை அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.

உன்னிடமும் கேட்கிறேன், சாமி. நேரங்கெட்ட நேரம்தான். என்ன அது, அன்றைக்குக் கையில் வைத்திருந்தாயே? காட்டு.

சாவி தன்னிடம் மட்டும்தான் இருக்கிறதென்று நம்பியிருந்த
உன் அக்கா